வீடு நமது; தரை எவரது?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கடலோரத்தில் இருக்கிறது காரங்காடு. அலையாத்தி மரங்கள் அடர்ந்த அந்தக் கழியைப் படகேறிப் பார்க்க இப்பொழுது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். சேற்றுக்குள்ளிருந்து மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு, உப்பையும் பொறுத்து, வெள்ளத்தையும் பொறுத்து அந்த மரங்கள் நிற்கின்ற நிலையே ஒரு காட்சிதான். ஆனால் நாம் சென்ற கிழமை அங்கே போனது காட்டைக் காண அன்று. கரையில் வாழும் நண்பர்கள் சிலரைக் காண. போன இடத்தில், தேநீர்க் கடை வாயிலில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதுவே இன்றைய தலையங்கத்துக்குக் காரணம்.

ஒருவர் கடல் தொழிலில் மூத்தவர். அவருடைய மகளும் மருமகனும் சிங்கப்பூரிலே நிரந்தரவாசிகளாக இருக்கிறார்கள். அவர் சொன்னார்: "வீடு வாங்கப் போறோம், பணம் கொஞ்சம் குறையுது மாமான்னு மருமகன் கேக்குறாரு. விசாரிச்சுப் பாத்தா, அந்த வீடு இன்னும் நாப்பத்தொம்பது வருசத்துக்குத்தானாம்! அதுக்கப்புறம் சர்க்காருக்குப் போயிருமாம். வாங்குனவனுக்கே சொந்தமில்லாத வீட்டுக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பணம்?"

பக்கத்தில் இருந்தவர், நம் மாவட்டத்துக் கோயிலூர் ஒன்றிலிருந்து நண்டு வாங்க வந்த வியாபாரி. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, ஒங்க மருமகனுக்கு நாப்பத்தொம்பது வருசமாவது எழுத்துல இருக்கு. எனக்கு ஒரு வருசம்கூட இல்ல. எங்க பாட்டனார் கட்டுன வீடு, அடிமனை கோயிலுக்கு. குத்தகை முடிஞ்சு போச்சு. புதுப்பிச்சுத் தாங்கன்னு எழுதிக் குடுத்தேன், பதில் இல்ல. பழைய பாக்கின்னு நோட்டீசு மட்டும் வந்துச்சு."

அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் கடந்த நாட்டிலே அடுக்குமாடியில் ஒருவருக்கு வந்த கவலையும், கோயில் மதிலின் நிழலிலே ஓட்டு வீட்டில் ஒருவருக்கு வந்த கவலையும் வேறு வேறு போலத் தோன்றும். வேறு அல்ல. சுவர் ஒருவருடையது, சுவர் நிற்கும் தரை மற்றொருவருடையது. தரைக்கு ஒரு தவணை உண்டு. தவணை தீர்ந்த மறுநாள், சுவர் யாருடையது? இதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. நம் நாடு என்ன விடை சொல்லியிருக்கிறது என்பதைப் பார்க்குமுன், மற்றவர் சொன்னதைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் கிடந்த மக்களை மாடிவீடுகளில் ஏற்றியது. 1964 முதல் அந்த வீடுகளை வாடகைக்கு மட்டும் விடாமல் விற்கவும் தொடங்கியது. விற்றது என்கிறோம், உண்மையில் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தந்தது. இன்று அந்நாட்டுக் குடியிருப்போரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வாழ்வது இத்தகைய வீடுகளில்தான். நம் கடற்கரையிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த எட்டுப் பேருக்குள் அடக்கம். வீடற்றவனுக்கு வீடு தந்த பெருஞ்செயல் அது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆயினும் 99 என்பது ஓர் எண். எண்ணினால் தீரும் எண். 1960-களில் எழுந்த வீடுகளுக்கு 2060-களில் தவணை தீரும். தவணை தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்நாட்டு அரசே ஓர் எடுத்துக்காட்டும் தந்துவிட்டது. கேலாங் மூன்றாம் சந்தில் 191 வரிசை வீடுகள் இருந்தன. அவை வீடமைப்புக் கழகத்தின் மாடிவீடுகள் அல்ல. 60 ஆண்டுக் குத்தகை நிலத்தில் நின்றவை. 2020 டிசம்பர் 31-ஆம் நாள் குத்தகை முடிந்தது. நீட்டிப்பு இல்லை. இழப்பீடும் இல்லை. நிலம் அரசுக்குத் திரும்பிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்த லாரன்ஸ் வோங், பழைய மாடிவீடுகளையெல்லாம் அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம் என எச்சரித்தார். 2018-இல் பிரதமர் லீ சியன் லூங், எழுபது ஆண்டு நெருங்கிய வீட்டுக் குடியிருப்போர் வாக்களித்து முடிவுசெய்தால் அரசு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்றை அறிவித்தார்.

காரங்காட்டுப் பெரியவருக்கு ஒரு செய்தி. அவர் மருமகனின் பணம் ஏன் குறைகிறது என்பதற்கும் அந்த நாற்பத்தொன்பதே காரணமாக இருக்கலாம். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை மிச்சமிருக்க வேண்டும் என்று அங்கே 2019 மே மாதம் முதல் ஒரு கணக்கு. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அறுபது ஆண்டு மிச்சம் வேண்டும். இல்லையெனில் தம் சொந்த மத்திய சேமநிதியிலிருந்தும் அவர் முழு அளவுக்கு எடுக்க முடியாது. தவணை குறையக் குறைய வீட்டின் விலை குறையும். விலை குறைவதற்கு முன்பே வாங்குபவன் கை குறைந்துவிடும்.

கொடுமையன்றோ என்று கேட்போருக்கு அந்நாட்டார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தீவு சிறிது; இன்று இருப்பவனுக்கே நிலத்தை என்றைக்குமாக எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைப் பிறப்பவன் எங்கே குடியிருப்பான் என்கிறார்கள். பதிலில் பொருள் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறோமோ இல்லையோ, அவர்கள் முதல் நாளிலேயே சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆண்டும் தெரியும், நாளும் தெரியும்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே நிலக்கிழார்கள் நிலத்தை விற்பதில்லை. நெடுங்காலக் குத்தகைக்கு விடுவார்கள். மேலே எழும் மாடிவீட்டை வாங்குபவன் குத்தகைதாரனே. தரைக்கு வாடகை தனி. தவணை எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பதற்கு அவன் தரவேண்டிய தொகை ஒரேயடியாக ஏறிவிடும். நீட்டிப்பால் வீட்டு மதிப்பு உயர்கிறதல்லவா, அந்த உயர்விலே பாதி நிலக்கிழாருக்கு என்பது அவர்கள் வகுத்த கணக்கு. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் ஈழத்தமிழரிடம் கேட்டால், எண்பதாம் ஆண்டு நெருங்குகிறதென்று வழக்குரைஞரைத் தேடி ஓடியவர் கதையைச் சொல்வார்கள்.

ஆனால் கவனியுங்கள்! ஓடுவதற்கு அங்கே ஒரு வழி இருந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம், நெடுங்காலக் குத்தகையில் மாடிவீடு வைத்திருப்பவன் கேட்டால் 90 ஆண்டு கூட்டிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நிலக்கிழாருக்குக் கட்டளையிட்டது. விலை உண்டு, விலையில் தகராறு வந்தால் தீர்ப்பாயம் உண்டு, மறுக்க மட்டும் பெரும்பாலும் வழி இல்லை. நீட்டித்த பிறகு தரை வாடகை என்ன தெரியுமா? ஒரு மிளகு! உவமை அன்று, அந்நாட்டுச் சட்டச் சொல்லே அதுதான். ஆண்டுக்கு ஒரு மிளகு, அதையும் கேட்டால்தான் தரவேண்டும். நம் மலையில் காய்த்ததற்காகக் கப்பலேறி வந்தவர்கள் தம் நாட்டுக் குடியானவனிடம் அதையே ஒப்புக்கு வாங்கும் வாடகையாக்கி வைத்திருப்பது வேடிக்கைதான். 2024-இல் அவர்கள் இன்னொரு சட்டம் செய்தார்கள். 90-ஐ 990 ஆக்கவும், அந்த எண்பதாண்டுக் கணக்கை ஒழிக்கவும் அது வழிசெய்தது. எல்லாப் பிரிவுகளும் உடனே நடைமுறைக்கு வரவில்லை, நிலக்கிழார்கள் வழக்காடினார்கள். ஆயினும், இரண்டாண்டு சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31-ஆம் நாள் போயிற்று.

சிங்கப்பூர் நாளைச் சொல்லிற்று. இங்கிலாந்து உரிமையைத் தந்தது. நாம்?

சென்னையிலே தரை வாடகை என்பார்கள். தென் மாவட்டங்களிலும் தஞ்சைத் தரணியிலும் அடிமனை என்பார்கள். நிலம் கோயிலுக்கோ, மடத்துக்கோ, அறக்கட்டளைக்கோ, தனியாருக்கோ. வெறும் மனையாகக் கிடந்ததை மேடாக்கி, அடித்தளம் போட்டு, வீடு எழுப்பியவன் குடியானவன். இந்த மண்ணுக்கு இது புதிதன்று. இந்தச் சிக்கலை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் சட்டமன்றம் கண்டுகொண்டது. 1921-ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். நியாயமான வாடகை செலுத்தும் வரை நம்மை வெளியேற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையிலே பிறர் நிலத்தில் வீடு கட்டியவர்களைக் காக்கவே அது வந்ததாக அதன் முகவுரையே கூறிற்று. நம்பிக்கை! சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தவர்களை நாம் மதிக்கிறோம். வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்துக்கு ஈடு கொடு என்றது அச்சட்டம். குடியிருப்பவன் நீதிமன்றத்திடம் மனுச் செய்து, தன் வீட்டுக்குத் தேவையான அளவு நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் வழிவகுத்தது. இங்கிலாந்துக்காரர் மாடிவீட்டுக்குச் சட்டம் செய்வதற்கு எழுபதாண்டு முன்னே நாம் செய்த சட்டம் இது.

பிறகு என்ன நடந்தது? 1996-இல் வந்த திருத்தம், சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. இந்து, கிறித்துவ, இசுலாமிய வேற்றுமை அதில் இல்லை. அதன் நோக்கத்தை நாம் அறிவோம். அறத்துக்கென்று விடப்பட்ட நிலம் விலைபேசப்பட்டுக் கரைந்துவிடக் கூடாது என்பது நோக்கம். சரி. ஆனால் நிலத்தை விற்காதே என்று சொன்னவர்கள், அதன்மேல் வீடு கட்டியிருப்பவனுக்கு வேறென்ன பாதுகாப்பு என்று சொன்னார்களா? இல்லை.

அவனுக்கு மிஞ்சியது 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம். அதன் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் ஒப்புதலின்றி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது. வயலுக்கு ஐந்தாண்டு என்றால் புரிகிறது. விதைத்தான், அறுத்தான், அடுத்தவனுக்கு விட்டான். வீட்டுக்கு ஐந்தாண்டா? கல்லும் செங்கல்லும் வைத்து அறுபது ஆண்டு நிற்பதற்கென்று கட்டுகிறானே, அதற்குமா ஐந்தாண்டு? இந்த ஐந்தாண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த வங்கியில் கடன் கேட்பான்? கூரை ஒழுகினால் மாற்றுவதற்குக்கூட மனம் வருமா?

2003-இல் சேர்க்கப்பட்ட 34-அ பிரிவு வாடகையைப் பற்றியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு குழு சந்தை நிலவரத்தைப் பார்த்து வாடகையை உயர்த்தலாம். குழுவில் இருப்பவர் யார்? இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர். குடியிருப்பவன் சார்பில் ஒருவர்? கிடையாது. உயர்த்தியது மிகை என்று மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உயர்த்திய தொகையைக் கட்டிவிட்டு வந்து, உயர்த்தியது மிகை என்று வாதாட வேண்டும்! பசிக்கிறது என்று சொல்ல வந்தவனை, முதலில் விருந்து வைத்துவிட்டுப் பேசு என்பது போல இருக்கிறது.

இவற்றையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது 78-ஆம் பிரிவின் விளக்கம். குத்தகை முடிந்த பிறகும் இடத்தில் தங்கியிருப்பவன் யார் என்று அது கேட்டுக்கொண்டு, ஆக்கிரமிப்பாளன் என்று விடையும் சொல்கிறது. நண்டு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். பாட்டனார் கேட்டு வாங்கிய மனை. தந்தையார் ரசீது ரசீதாக வாடகை கட்டிய மனை. தவணை முடிவதற்குள் இவர் புதுப்பிக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் அந்த மனு ஏதோ ஒரு கட்டின் அடியிலே கிடக்கிறது. கிடக்கும்போதே தவணை தீர்ந்தது. முதல் நாள் இரவு குத்தகைதாரராகப் படுத்தவர் மறுநாள் காலை ஆக்கிரமிப்பாளராக எழுந்தார்! அவர் ஒரு முழம் நிலம் கூட்டி வளைக்கவில்லை. ஒரு செங்கல் தள்ளி வைக்கவில்லை. அலுவலகம் தூங்கிற்று, பழி அவர் தலையில் விடிந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூச்சல் எழும் என்பது நமக்குத் தெரியும். கோயில் சொத்தைக் கொள்ளையடிப்போருக்கு வக்காலத்தா என்பார்கள். நாம் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். அறநிலையத் துறையின் பொறுப்பிலுள்ள கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்பது அரசு தரும் கணக்கு. அதில் ஏப்பம் விடப்பட்டது எவ்வளவு, எவரெவரால் என்பதை ஊரறியும். கோயில் மனையை அற்ப வாடகைக்கு எடுத்து, அதில் வணிக மாளிகை எழுப்பி, பத்துப் பேருக்கு உள்வாடகைக்கு விட்டு, வரும் பணத்தில் ஒரு துளியைக் கோயிலுக்குத் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெருச்சாளிகள். அவர்களை வெளியேற்றினால் நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டோம். 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் பிறப்பித்துக் கோயில் சொத்துகளைக் காக்கச் சொன்னதே, அதன் நோக்கத்தோடு நமக்குப் பகை இல்லை.

நமது வருத்தம், வலை பெருச்சாளிக்கு விரிக்கப்பட்டு அணில் பிள்ளை மாட்டிக்கொள்வதுதான். வணிக மாளிகைக்காரன் உயர் நீதிமன்றம் வரை போவான். தடையாணையோடு பத்தாண்டு ஓட்டுவான். இரண்டு சென்ட் மனையில் ஓட்டு வீடு கட்டியவனுக்கு மதுரைக்குப் பேருந்துக் கட்டணமே பெருஞ்செலவு. சட்டத்தின் எழுத்தில் இருவரும் ஒன்று. சட்டத்தின் கையில் அகப்படுபவன் ஒருவன்தான்.

அரசினர் இந்தச் சிக்கலைத் தொடாமலில்லை. 2019 ஆகஸ்ட் 30-இல் 318-ஆம் எண் அரசாணை ஒன்று வந்தது. புறம்போக்கிலும், கோயில் நிலத்திலும் நெடுங்காலம் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பட்டா வழங்க அது முயன்றது. கோயில் நிலத்தைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தடுத்து நிறுத்திற்று. கோயில் நிலத்தின் உடைமையை அரசாணை ஒன்றால் மாற்றப் போனதே தவறான வழி என்பது நமது கருத்து. உடைமை என்ற பாறையிலே முட்டிக்கொண்டால் தலைதான் உடையும். பாறையை அசைக்காமலே போக ஒரு பாதை இருக்கிறதே, அதில் ஏன் போகக்கூடாது? தவணையை நீட்டுங்கள் என்கிறோம். நிலம் கோயிலுக்கே இருக்கட்டும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டாம். வாடகையும் கோயிலுக்கே போகட்டும். நியாயமான வாடகை, இப்போது வருவதைவிடக் கூடுதலாகவே போகட்டும். ஆனால் தன் வீட்டில் தானே குடியிருப்பவனுக்கு, ஐந்தாண்டுச் சீட்டுக்குப் பதிலாக முப்பதாண்டுக் குத்தகை கொடுங்கள். முப்பது முடிந்தால், வாடகை பாக்கியின்றிக் கட்டியவன் மறு முப்பது கேட்க உரிமை உண்டு என்று சட்டத்தில் எழுதுங்கள். அவன் இறந்தால் மனைவி மக்கள் பெயருக்குக் குத்தகை தானே இறங்கட்டும். பெயர் மாற்ற மனுவோடு விதவைகள் அலுவலகப் படியேறும் காட்சி ஒழியட்டும். உள்வாடகைக்கு விடுபவனுக்கும், கடை வைத்தவனுக்கும், இரண்டு மனை பிடித்தவனுக்கும் இது கிடையாது என்றும் அதே பிரிவில் எழுதுங்கள். கோயில் அந்த இடத்தைத் திருப்பணிக்கே கேட்கிறது என்றால், கட்டடத்துக்கு ஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். 1921-இல் சொன்னதைத்தான் சொல்கிறோம்.

நம் சட்டமன்றத்துக்கு இது மலையன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்களை ஒழித்தபோது, சேதுபதி மன்னர்களின் பரந்த இராமநாதபுரம் சமீனே 1949-இல் அரசின் கைக்கு வந்தது. (சமீன் காலத்துக் குத்தகைச் சீட்டுகளின் மதிப்பை நாம் மறந்தவர்களல்லர். கச்சத்தீவு சேதுபதிகளுடையது என்பதற்கு, அவர்கள் அதைக் குத்தகைக்கு விட்டுவந்ததைத்தான் நம்மவர் சான்றாகக் காட்டினர். 1974-இல் தில்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.) 1971-இல் நம் சட்டமன்றம் குடியிருப்புதாரர் சட்டம் ஒன்று செய்தது. பண்ணையாரின் நிலத்திலே குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளிக்கு, அந்தக் குடிசை நின்ற மனையையே சொந்தமாக்கிக் கொடுத்தது. எழுதிய சீட்டு இல்லை, ரசீது இல்லை. நிலத்துக்காரன் போ என்றால் போகவேண்டிய நிலையில் இருந்தவனுக்குச் சட்டம் உடைமையே தந்தது. இங்கே நாம் உடைமைகூடக் கேட்கவில்லை.

பெரிய சட்டத்துக்குக் காலமாகும் என்பார்கள். குழு அமைப்பார்கள், குழு சுற்றுப்பயணம் போகும், அறிக்கை வரும், அறிக்கையை ஆராய மறு குழு வரும். ஆகட்டும். அதற்கிடையே இரண்டு சிறு திருத்தங்களை வரும் கூட்டத்தொடரிலேயே செய்யுமாறு அறநிலைய அமைச்சரைக் கேட்டுக்கொள்கிறோம். குத்தகை முடியுமுன் புதுப்பிக்க மனுக் கொடுத்தவனுக்கு, அந்த மனு முடிவாகும் வரை பழைய குத்தகையே தொடர்வதாகக் கொள்ள வேண்டும். 78-ஆம் பிரிவு அவனைத் தொடக் கூடாது. இது ஒன்று. சொந்தக் குடியிருப்பாளனின் வாடகை மேல்முறையீட்டுக்குப் பழைய வாடகையைக் கட்டியிருந்தால் போதும் என்று 34-அ பிரிவைத் திருத்த வேண்டும். இது மற்றொன்று. இரண்டுக்கும் கருவூலத்திலிருந்து ஒரு காசு செலவில்லை. கோயிலுக்கு ஓர் அங்குல நிலம் குறையாது.

காரங்காட்டில் அன்று பனிக்கட்டிப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வியாபாரி, நோட்டீசுக்குப் பதில் எழுதித் தர ஆள் கிடைக்குமா என்று நம்மிடம் கேட்டார். வழக்குரைஞர் நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தோம். மனு கொடுத்த நாளின் ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறதாம், பாட்டனார் காலத்து ரசீதுகளோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாராம்.